வெளியேறும் வலு: வீடியோ கேம் துறையில் படிப்பும் சம்பளமும்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்குத் தொழிலாளர் பொருளியலில் ஒரு தலைப்பு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னபோது, ஆலைகளைப் பற்றியோ தேயிலைத் தோட்டங்களைப் பற்றியோ நான் பேசுவேன் என்று சிலர் எதிர்பார்த்திருப்பீர்கள். வீடியோ கேம் துறையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. படித்தவனுக்கு ஏன் கூடுதல் சம்பளம் என்பது என் துறையின் மிகப் பழைய கேள்விகளில் ஒன்று. மருத்துவத்திலும் சட்டத்திலும் இதற்கு விடை தேடினால் உரிமம் குறுக்கே நிற்கிறது. பட்டம் இல்லாதவர் அங்கே தொழில் செய்யவே முடியாது. அரசுப் பணியிலோ ஊதிய விகிதமே பட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. கேம் துறையில் உரிமமும் கிடையாது, ஊதியக் குழுவும் கிடையாது. முனைவர் பட்டம் வாங்கியவரும் கல்லூரியைப் பாதியில் விட்டவரும் ஒரே அறையில் ஒரே கேமுக்காக உழைக்கிறார்கள். படிப்புக்குச் சந்தை என்ன விலை போடுகிறது என்று பார்க்க இதைவிடத் தெளிவான இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

நான் பேசப்போவது பெரும்பாலும் அமெரிக்காவைப் பற்றி, கொஞ்சம் பிரிட்டனைப் பற்றி. தகவல் அங்கேதான் நெடுங்காலமாகச் சேர்ந்திருக்கிறது. நம் பிள்ளைகள் இதற்குள் எந்த இடத்தில் வருகிறார்கள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். கேம் துறையில் ஒருவருடைய படிப்பு அவர் சம்பளத்தை உயர்த்துவது, அந்தத் துறையை விட்டு வெளியே போக அது எவ்வளவு வலுத் தருகிறது என்பதைப் பொறுத்தே. வெளியே விலை இருக்கிற படிப்புக்கு உள்ளேயும் விலை உண்டு. கேம் துறைக்கு மட்டுமே உதவுகிற படிப்புக்குக் கேம் துறையே நல்ல விலை தருவதில்லை.

1. முதலில் சம்பள அட்டவணைகளை எப்படிப் படிப்பது என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் 1994 முதல் 2013 வரை 'கேம் டெவலப்பர்' என்றொரு மாத இதழ் வந்தது. தொழிலில் இருப்பவர்களுக்காகத் தொழிலில் இருப்பவர்களே எழுதிய இதழ். அது ஆண்டுதோறும் தன் வாசகர்களிடம் சம்பளத்தைக் கேட்டு வெளியிட்டது. 2012-ஆம் ஆண்டுக் கணக்குப்படி அமெரிக்காவில் மொத்தச் சராசரி சுமார் 84,000 டாலர். நிரலாளர்களுக்குச் சுமார் 92,000. ஓவியர்களுக்கும் கேம் வடிவமைப்பாளர்களுக்கும் ஏறத்தாழ 75,000. கேமில் பிழை இருக்கிறதா என்று நாள் முழுக்க ஆடிப் பார்க்கும் தரச் சோதனையாளர்களுக்கு 49,000. வணிகம், விளம்பரம் பார்ப்பவர்களுக்கு 1,00,000 டாலருக்கும் மேல். வாசகர்கள் தாமாகச் சொன்ன தொகைகள் இவை என்பதால் டாலர் கணக்கில் மிகத் துல்லியம் தேட வேண்டாம். வரிசையை மட்டும் நினைவில் வையுங்கள். கேமை உருவாக்காதவர்கள் மேலே, அதை முழுதாக ஆடித் தீர்ப்பவர்கள் கீழே.

இப்படிப்பட்ட அட்டவணை கையில் கிடைத்ததும், பட்டம் உள்ளவர்களுக்கு இவ்வளவு, இல்லாதவர்களுக்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தோன்றும். பிரித்தால் வருகிற எண் மூன்று விதங்களில் நம்மை ஏமாற்றும். பட்டம் இல்லாதவர்கள் சோதனைப் பிரிவில் கூடுதலாக இருப்பார்கள். அப்போது நாம் அளப்பது பட்டத்தை அல்ல, பணிப் பிரிவை. அடுத்தது வயது. 1980-களில் பள்ளிப் படிப்போடு நுழைந்து இன்று தலைமைப் பொறுப்பில் இருப்பவரையும், நேற்று முதுகலை முடித்து வந்தவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், படிக்காததுதான் லாபம் என்றுகூட அட்டவணை சொல்லும்.

மூன்றாவதே எனக்கு முக்கியமானது. இந்தக் கணக்கெடுப்புகள் எல்லாம் துறையில் இருப்பவர்களிடம் மட்டுமே கேட்கின்றன. கணிதத்தில் முதுகலை முடித்து, மூன்று ஆண்டுகள் கேம் நிறுவனத்தில் உழைத்து, பிறகு ஒரு வங்கியில் இரட்டைச் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டவர் அட்டவணையில் இல்லை. படிப்பு யாருக்கு மிக அதிகமாகப் பலன் தந்ததோ அவர்தான் கணக்கிலிருந்து காணாமல் போகிறார். ஆகவே முதுகலைக்கும் இளங்கலைக்கும் சம்பள வேறுபாடு பெரிதாக இல்லை என்று ஓர் அட்டவணை காட்டினால், படிப்புக்கு மதிப்பில்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. அந்த மதிப்பை எடுத்துக்கொண்டு ஆட்கள் வெளியே போய்விட்டார்கள் என்பதும் அதே எண்ணுக்கு ஒரு விளக்கம்தான்.

2. படிப்புக்குச் சம்பளம் ஏன் கூடுகிறது என்பதற்கு எங்கள் துறையில் இரண்டு விடைகள் புகழ்பெற்றவை. மாணவர்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். கேரி பெக்கர் 1964-இல் வெளியிட்ட மனித மூலதனம் பற்றிய நூல், படிப்பு ஒருவரின் உற்பத்தித் திறனைக் கூட்டுகிறது, அதனால் சம்பளம் கூடுகிறது என்றது. மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் எழுதிய கட்டுரை, படிப்பு திறமையைக் கூட்டாவிட்டாலும் திறமைசாலி யார் என்று முதலாளிக்கு அடையாளம் காட்டுகிறது என்றது.

கேம் துறையில் இரண்டாவது விடை மிக விரைவில் வலுவிழக்கிறது. பிரிட்டனில் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்தப்பட்டு 2020-இல் வெளியான கேம் துறைக் கணக்கெடுப்பில், பத்தில் எட்டுப் பேர் பட்டதாரிகள் என்று தெரிந்தது. எல்லோரிடமும் இருக்கும் சீட்டு யாரையும் தனித்துக் காட்டாது. இல்லாதவரை வடிகட்ட மட்டுமே அது பயன்படும். அதனால் அடையாளத்தை முதலாளிகள் வேறிடத்தில் தேடுகிறார்கள். ஓவியர் என்றால் வரைந்த, உருவாக்கிய வேலைகளின் தொகுப்பு. நிரலாளர் என்றால் தேர்வு வைத்து நிரல் எழுதச் சொல்லிப் பார்ப்பது. அனுபவசாலி என்றால் கடைக்கு வந்து விற்ற கேம்களில் எத்தனையில் பெயர் இருக்கிறது என்பது. வேலை விளம்பரங்களிலும் 'பட்டம் அல்லது அதற்கு இணையான அனுபவம்' என்ற வரி வெகு சாதாரணம். கொலராடோவில் 2021 முதலும், கலிஃபோர்னியாவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் 2023 முதலும் விளம்பரத்திலேயே சம்பள வீச்சைச் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்த விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். வீச்சு பணிப் பிரிவோடும் படிநிலையோடும் கட்டப்பட்டிருக்கும். பட்டத்துக்கு என்று தனித் தொகை பார்ப்பது அரிது.

பட்டம் வேண்டாம், தொகுப்பு போதும் என்பது கேட்க ஜனநாயகமாக இருக்கிறது. ஆனால் அந்தத் தொகுப்பைத் தயாரிக்கும் மாதங்களுக்கு யார் சோறு போடுவது? வாஷிங்டன் மாநிலத்தில் கணினி அறிவியல் பட்டம் வாங்கிய எரிக் பரோன், 2011-இல் வேலை கிடைக்காமல், தன் திறமையைக் காட்டுவதற்காக ஒரு கேம் செய்யத் தொடங்கினார். அதுதான் 2016-இல் வெளிவந்த 'ஸ்டார்டியூ வேலி'. நாலரை ஆண்டு வேலை. இடையில் ஓர் அரங்கில் இருக்கை காட்டும் பகுதிநேரப் பணி பார்த்தார். அவருடைய துணைவி சம்பாதித்ததும் வீட்டைத் தாங்கியது. பிரிட்டன் கணக்கெடுப்பும் இதையே வேறு விதமாகக் காட்டியது: துறையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் மேலாளர்கள், வல்லுநர்களின் வீடுகளில் வளர்ந்தவர்கள். பட்டத்தைக் கேட்காத துறை குடும்பத்தின் கையிருப்பைக் கேட்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு உதவித்தொகையோடு கிடைக்கும் கல்லூரிப் படிப்பு, வேலையில்லாமல் ஈராண்டு வீட்டில் உட்கார்ந்து தொகுப்புச் செய்வதைவிட எளிதான வழி என்பதை நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

3. இனி மையக் கருத்துக்கு வருகிறேன்.

இனிமையான தொழிலுக்குக் கூலி குறையும், வெறுப்பூட்டும் தொழிலுக்குக் கூடும் என்று ஆடம் ஸ்மித் 1776-லேயே எழுதினார். கேம் துறைக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. சிறுவயதிலிருந்து ஆடி வளர்ந்த ஒன்றை உருவாக்கும் வேலை என்பதால், குறைந்த சம்பளத்துக்கும் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஆசைக்காக ஒரு தள்ளுபடி. ஆனால் அந்தத் தள்ளுபடியை எல்லோரும் ஒரே அளவில் கொடுப்பதில்லை, அங்கேதான் படிப்பு வருகிறது.

ஒரு கேம் நிரலாளர் கற்றது என்ன? சி பிளஸ் பிளஸ், நேரியல் இயற்கணிதம், நினைவகத்தைச் சிக்கனமாகக் கையாளும் கலை, வலைப்பின்னல் நிரலாக்கம். இவை அத்தனைக்கும் வங்கியிலும், மேகக் கணினி நிறுவனங்களிலும், விமானப் பயிற்சிக் கருவி செய்யும் இடத்திலும் தேவை இருக்கிறது. அவரை வைத்துக்கொள்ள வேண்டுமானால், வெளியே கிடைப்பதற்கு ஓரளவேனும் பக்கத்தில் நிற்கிற தொகையைக் கேம் நிறுவனம் தந்தாக வேண்டும். ஓவியருக்குத் திரைப்படமும் விளம்பரமும் உண்டு. அங்கும் கூட்டம் அதிகம். ஒரு கட்டத்தை எவ்வளவு கடினமாக வைக்க வேண்டும், எதிரியை எங்கே நிறுத்த வேண்டும் என்று தீர்மானிக்கும் வடிவமைப்பாளரின் அறிவு அரிதானது, ஆழமானது. அதை வாங்க வேறு துறை இல்லை. மேலே சொன்ன அட்டவணையில் வணிகப் பிரிவினர் உச்சியில் இருந்ததற்கும் இதுவே விளக்கம். சோப்பு விற்கவும் கார் விற்கவும் தெரிந்தவருக்குக் கேம் துறை ஒரு வாடிக்கையாளர் மட்டுமே.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய சிறு நூலொன்றில், சரிந்துவரும் ஓர் அமைப்பில் இருப்பவருக்கு முன்னால் இரண்டு வழிகள் என்றார்: வெளியேறுவது, அல்லது உள்ளே இருந்து குரல் கொடுப்பது. விசுவாசம் இவ்விரண்டுக்கும் இடையில் நின்று எப்போது எதைச் செய்வோம் என்பதைத் தீர்மானிக்கிறது. கேம் துறையில் ஆசை என்பது விசுவாசத்தின் வேலையைச் செய்கிறது. படிப்பு வெளியேறும் வழியைத் திறக்கிறது. வெளியேற முடியாதவர்கள் குரலை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நிரலாளர்கள் வலுவானவர்கள் என்பதால் அவர்களுக்கு எல்லாம் நலம் என்று நினைத்துவிடாதீர்கள். 2004 நவம்பரில், எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற கேம் நிறுவனத்தின் ஊழியர் ஒருவரின் வருங்கால மனைவி எரின் ஹாஃப்மன், முதலில் பெயர் சொல்லாமல், இணையத்தில் ஒரு கடிதம் வெளியிட்டார். வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கும் மேலாக வேலை வாங்குவதையும் அதற்குக் கூடுதல் ஊதியம் இல்லாததையும் அது உலகத்துக்குச் சொன்னது. இந்தப் பிழிவுக்கு அத்துறையில் 'கிரஞ்ச்' என்று பெயர். அந்த நிறுவனத்தின் மீது தொடரப்பட்ட வழக்குகளில் ஓவியர்களோடு 1 கோடியே 56 லட்சம் டாலருக்கும், நிரலாளர்களோடு 1 கோடியே 49 லட்சம் டாலருக்கும் சமரசம் ஏற்பட்டது.

வழக்கின் மையம் ஒரு சட்ட வகைப்பாடு. நெடுங்காலப் படிப்பால் பெற்ற அறிவைப் பயன்படுத்துபவர், படைப்பாற்றலோடு பணிபுரிபவர், கணினி வல்லுநர் என்றெல்லாம் வகைப்படுத்தப்படும் ஊழியருக்கு அமெரிக்காவில் மிகைநேர ஊதியம் தர வேண்டியதில்லை. மாதச் சம்பளத்தை உயர்த்துகிற அதே தகுதி, மணிக்கணக்கைக் கேட்கும் உரிமையைப் பறிக்கிறது. ஆகையால் ஆண்டுச் சம்பளத்தை உழைத்த மணிநேரத்தால் வகுக்காத எந்த அட்டவணையும் படிப்பின் பலனைப் பெரிதாக்கியே காட்டும். வாரம் 40 மணி நேரத்துக்கு 90,000 டாலர் என்பதும் 70 மணி நேரத்துக்கு 90,000 என்பதும் ஒன்றல்ல.

4. கேம் படிப்புக்கென்றே தனிப் பட்டங்கள் வந்திருக்கின்றன. பெற்றோர்கள் அதிகம் கேட்பது இதைப் பற்றித்தான், அதனால் இங்கே சற்று நிற்கிறேன்.

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் உள்ள அபர்டே பல்கலைக்கழகம் 1997-இல் கணினி விளையாட்டுத் தொழில்நுட்பத்துக்குத் தனிப் பட்டம் தொடங்கியது. கனடாவின் வான்கூவரில் 1988-இல் பிறந்த டிஜிபென், நின்டெண்டோவின் ஒத்துழைப்போடு 1994-இல் கேம் நிரலாக்க வகுப்பு நடத்தி, 1998-இல் அமெரிக்காவின் ரெட்மண்டுக்கு வந்து நான்காண்டுப் பட்டம் தரத் தொடங்கியது. பிறகு தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம், கார்னகி மெலன், இன்னும் எத்தனையோ.

இவற்றின் பெருமையைக் குறைக்க மாட்டேன். டிஜிபென் மாணவர்கள் 2005-இல் 'நார்பாகுலர் டிராப்' என்றொரு பட்டப்படிப்புக் கேம் செய்தார்கள். ஒரு சுவரில் வாசல் திறந்து இன்னொரு சுவர் வழியாக வெளியே வரும் விளையாட்டு. அதைப் பார்த்த வால்வ் நிறுவனம் அந்தக் குழுவையே வேலைக்கு எடுத்துக்கொண்டது. அதே எண்ணத்திலிருந்து 2007-இல் 'போர்ட்டல்' கேம் வந்தது. தென் கலிஃபோர்னியாவில் ஜெனோவா சென் தன் முதுகலை ஆய்வேடாகச் செய்த 'ஃப்ளோ' கேமும், அவர் உடன் படித்த கெல்லி சாண்டியாகோவுடன் தொடங்கிய நிறுவனமும் அவரை 2012-இல் 'ஜர்னி' என்ற கேம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தன.

இந்த இரண்டு கதைகளும் எல்லா விளம்பரச் சிற்றேடுகளிலும் இருக்கும். சிற்றேட்டில் இல்லாதது 2011-இல் இயன் லிவிங்ஸ்டனும் அலெக்ஸ் ஹோப்பும் பிரிட்டிஷ் அரசின் வேண்டுகோளுக்கிணங்க எழுதிய 'நெக்ஸ்ட் ஜென்' அறிக்கை. பிரிட்டனில் அப்போது நூற்றுக்கும் மேற்பட்ட தனிக் கேம் படிப்புகள் இருந்தன. தொழில்துறையின் அங்கீகாரம் பெற்றவை பத்துதான். அத்தகைய பட்டம் பெற்றவர்களில் சுமார் 12 விழுக்காட்டினருக்கே ஆறு மாதத்துக்குள் கேம் துறையில் வேலை கிடைத்தது. முதலாளிகள் கேட்டது கணிதம், இயற்பியல், கணினி அறிவியல், ஓவியம். பள்ளியிலேயே முறையான கணினி அறிவியல் வேண்டும் என்று அந்த அறிக்கை வற்புறுத்தியது. 2014 செப்டம்பரில் இங்கிலாந்தின் பாடத்திட்டம் அவ்வாறே மாறியது. கேம் துறைக்கு ஆள் தேடப் போனவர்கள், கேம் படிப்பைக் கூட்டச் சொல்லாமல் பொதுப் படிப்பை ஆழப்படுத்தச் சொன்னார்கள் என்பதை ஒவ்வொரு பெற்றோரும் அறிய வேண்டும்.

கேம் வடிவமைப்பு மட்டுமே படித்தவர் அந்தத் துறை தவிர வேறெங்கும் போக முடியாதபடி சம்பளப் பேச்சுக்கு உட்காருகிறார். எதிரே இருப்பவருக்கும் அது தெரியும். டிஜிபென் போன்ற இடங்கள் நிலைத்து நிற்பதற்குக் காரணம், அங்கே கேம் என்ற பெயரில் கடுமையான கணிதமும் இயற்பியலும் நிரலாக்கமும் கற்பிக்கப்படுகின்றன என்பதே. பட்டத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், பாடங்களின் பட்டியலைப் பாருங்கள்.

5. கல்லூரியை விட்டவர்களின் கதைகளையும் தவிர்க்க முடியாது. மாணவர்கள் இவற்றைத்தான் எனக்கு எதிராக எடுத்து வைப்பார்கள். 'டூம்' செய்த ஜான் கார்மாக் மிசூரியில் இரண்டு பருவங்களோடு கல்லூரியை விட்டார். எபிக் கேம்ஸ் நிறுவனர் டிம் ஸ்வீனி மேரிலண்ட் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியலை முடிக்கவில்லை. 'சிம்சிட்டி'யின் வில் ரைட் மூன்று கல்லூரிகளில் படித்தும் பட்டம் வாங்கவில்லை. வால்வ் நிறுவனர் கேப் நியூவெல் ஹார்வர்டை விட்டு வந்தவர்.

இவர்களில் யாரும் சம்பளத்தால் பெரியவர் ஆகவில்லை என்பதே என் பதில். இவர்கள் நிறுவன உரிமையாளர்கள், பங்குதாரர்கள். இவர்கள் பெற்றது லாபம். லாபத்தின் கணக்கு வேறு, கூலியின் கணக்கு வேறு. நியூவெல் ஹார்வர்டை விட்டுப் போனது மைக்ரோசாஃப்டுக்கு. அங்கே பதின்மூன்று ஆண்டுகள் வேலை பார்த்துச் சேர்த்த செல்வத்தில்தான் 1996-இல் வால்வ் தொடங்கியது. கார்மாக் பட்டம் வாங்கவில்லை, ஆனால் ஆய்வுக் கட்டுரைகள் படித்தார். 'டூம்' 1993-இல் அந்தக் காலத்துச் சாதாரணக் கணினியில் அவ்வளவு வேகமாக ஓடியதற்கு ஒரு முக்கியக் காரணம், வெளியைத் தளங்களால் மீண்டும் மீண்டும் இரண்டாகப் பிரித்துச் செல்லும் ஒரு மர அமைப்பு. ஃபுக்ஸ், கெடம், நேலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1980-இல் பல்கலைக்கழகச் சூழலில் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது அது. பல்கலைக்கழகத்தின் அறிவு அந்தக் கேமுக்குள் இருக்கிறது. எதை, எங்கே தேடிப் படிப்பது என்று தானாகவே தெரிந்துகொள்ளும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் மிகச் சிலர். மற்றவர்களுக்கு ஆசிரியர் வேண்டும்.

மறுமுனையில் முனைவர்களும் இருக்கிறார்கள். ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 'ஈவ் ஆன்லைன்' என்ற கேமின் உள்ளே நடக்கும் பொருளாதாரத்தைக் கவனிக்க 2007-இல் எய்யொல்ஃபர் குட்மண்ட்சன் என்ற பொருளியல் முனைவரை நியமித்தது. அவர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். 2014-இல் அக்குரெய்ரி பல்கலைக்கழகத்தின் தலைவராகத் திரும்பிப் போனார். யானிஸ் வரூஃபாகிஸ் 2012-இல் வால்வில் பொருளியலாளராக இருந்தார். 2015-இல் கிரேக்கத்தின் நிதியமைச்சர். வெளியேறும் வலு என்று நான் சொல்வது இவர்களிடம் முழு அளவில் தெரிகிறது.

6. அந்த வலு இல்லாதவர்கள் தரச் சோதனையாளர்கள். இவர்களிலும் பட்டதாரிகள் நிறைய உண்டு. ஆசையால் எப்படியாவது உள்ளே நுழைந்துவிட்டால் போதும் என்று வந்தவர்கள். பலர் ஒப்பந்தப் பணியாளர்கள். சோதனைப் பிரிவிலிருந்து வடிவமைப்புக்கு ஏறலாம் என்ற நம்பிக்கைதான் அவர்களுக்குச் சம்பளத்தின் மீதிப் பகுதி.

2021 டிசம்பரில், 'கால் ஆஃப் டியூட்டி' செய்யும் ரேவன் சாஃப்ட்வேர் நிறுவனத்தில் 12 சோதனையாளர்களின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று சொல்லப்பட்டது. உடன் இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். வாரக்கணக்கில் நீடித்தது. பிறகு சங்கம் கேட்டார்கள். 2022 மே மாதம் நடந்த வாக்கெடுப்பில் 19-க்கு 3 என்று சங்கம் வென்றது. இதற்கிடையே, ஏப்ரலில், தாய் நிறுவனமான ஆக்டிவிஷன் பிளிஸார்ட் சுமார் 1,100 தற்காலிகச் சோதனையாளர்களை நிரந்தரமாக்கி, மணிக்குக் குறைந்தது 20 டாலர் என்று அறிவித்தது. சங்கம் கேட்டுக்கொண்டிருந்த ரேவன் ஊழியர்களுக்கு மட்டும், சட்டச் சிக்கல் என்று காரணம் காட்டி, அந்த உயர்வைத் தரவில்லை. போராடியவர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் போராட்டத்தின் பலன் முதலில் போய்ச் சேர்ந்தது. இதைப் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட கொதிப்பு இன்னும் அடங்கவில்லை.

2023 ஜனவரியில் ஸெனிமேக்ஸ் நிறுவனத்தின் சுமார் 300 சோதனையாளர்கள் சங்கம் அமைத்தார்கள். தாய் நிறுவனமான மைக்ரோசாஃப்ட் அதை ஏற்றது. 2025-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் 13.5 விழுக்காடு ஊதிய உயர்வு கிடைத்தது. இந்த உயர்வுகளுக்கு யாரும் புதிதாக ஒரு பட்டமும் வாங்கவில்லை. ஹிர்ஷ்மன் சொன்ன இரண்டாவது வழி, குரல், சம்பளத்தை நகர்த்தியது.

எல்லா இடத்திலும் நகர்த்தவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கனடாவின் எட்மண்டனில் கீவேர்ட்ஸ் நிறுவனத்தின் கீழ் பயோவேர் கேம்களைச் சோதித்தவர்கள் 2022-இல் ஒருமனதாகச் சங்கம் அமைத்தார்கள். பயோவேர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் போகவே, 2023 செப்டம்பரில் 13 பேரும் வேலை இழந்தார்கள். வேலை வாங்குபவர் ஒருவர், சம்பளம் போடுபவர் இன்னொருவர் என்று இருக்கும் இடத்தில் குரல் போய்ச் சேரவேண்டிய காதுக்குப் போவதில்லை.

7. கடைசியாக, நம் பிள்ளைகள். இங்கே பொறியியல் முடித்து, அமெரிக்காவில் முதுகலை படித்து, கேம் நிறுவனத்தில் சேர விரும்பும் மாணவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கக்கூடும். உங்களுக்குப் பட்டத்தின் பொருளே வேறு.

அமெரிக்கர் ஒருவருக்குப் பட்டம் இல்லாமலும் கேம் துறை திறந்திருக்கும் என்றேன். உங்களுக்குத் திறக்காது. எச்-1பி விசாவுக்குச் சட்டமே இளங்கலைப் பட்டத்தைக் கேட்கிறது. கல்லூரியில் குறைகிற ஓராண்டுக்கு மூன்றாண்டு அனுபவத்தை ஈடாகக் காட்டலாம் என்று விதி இருந்தாலும், அந்த வழி நீளமானது. ஆண்டுக்கு 65,000 பொது விசாக்கள். அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்கு மேலும் 20,000. குலுக்கலில் கூடுதல் வாய்ப்புக் கிடைக்கிறது என்பதே நம்மவர்களில் பலருக்கு முதுகலைப் பட்டத்தின் முதல் பலன். சம்பள அட்டவணையில் இது எங்கும் தெரியாது.

பட்டம் உங்களை உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கும், ஆனால் விசா வெளியேறும் வலுவைக் குறைக்கும். வேலை மாற வேண்டுமானால் புதிய முதலாளி மனுச் செய்ய வேண்டும். வேலை போய்விட்டால் 60 நாள் அவகாசம். 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவுகளில் 1,900 பேரைக் குறைத்தது. அந்த ஆண்டு முழுவதும் துறையெங்கும் ஆட்குறைப்பு நடந்தது. ஒரே சமயத்தில் அத்தனை பேர் கேம் வேலை தேடும்போது, 60 நாளுக்குள் இன்னொரு கேம் நிறுவனத்தில் இடம் பிடிப்பது மிகக் கடினம். வங்கியோ மருத்துவமனை மென்பொருள் நிறுவனமோ எடுத்துக்கொள்ளும் படிப்பு இருப்பவர் அந்த நாட்டில் நிற்பார். மற்றவர் பெட்டியைக் கட்ட வேண்டியிருக்கும். ஒரே சம்பளம் வாங்கிய இருவருடைய படிப்புக்கும் இடையே இருந்த வேறுபாடு வேலையில் இருந்த நாள்வரை தெரிவதில்லை.

ஆகவே ஆசையை விடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். கேம் செய்ய விரும்பும் மாணவர் கணினி அறிவியலோ கணிதமோ முறையான ஓவியமோ படிக்கட்டும், கேம்களை அதனோடு சேர்த்துச் செய்யட்டும். லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் தனியார் கேம் பயிற்சி நிலையத்துக்குப் போகும் பெற்றோர், அங்கே படித்தவர் செய்த மிகச் சிறந்த கேமைக் காட்டச் சொல்ல வேண்டாம். சென்ற ஆண்டு முடித்த எல்லோருடைய பட்டியலையும் கேளுங்கள். எத்தனை பேருக்கு ஆறு மாதத்தில் வேலை, எந்தப் பிரிவில், நிரந்தரமா ஒப்பந்தமா, ஐந்தாண்டு முன்பு முடித்தவர்கள் இன்று எங்கே, துறையை விட்டுப் போனவர்கள் என்ன செய்கிறார்கள். இந்தக் கேள்விகளை இங்குள்ள பொருளியல் துறை மாணவர்கள் ஓர் ஆய்வாகவே எடுத்துக்கொண்டு, நம் மாநிலத்தில் இத்தகைய படிப்புகளை நடத்தும் நிறுவனங்களிடம் போய்க் கேட்கலாம். வெளியேறியவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்பதுதான் கடினம்; கணக்கெடுப்பை அவர்களிடமிருந்தே தொடங்குங்கள்.